பாட்டுக்கு எவ்வளவுங்க

உக்காருங்க அம்மிணி. அந்தச் சேர் வேண்டாம், ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க. ஃபேன் சத்தம் போடும், கண்டுக்காதீங்க. சுதிப்பெட்டிய வெச்சுட்டா ரெண்டும் ஒண்ணாப் போயிரும்.

பாட்டுக் கத்துக்கோணும், அதுவும் உங்களுக்கே. நல்லதுங்க. வயசெல்லாம் ஒண்ணும் ஆயிறல. பேங்க்ல வேலைன்னா ஆறு மணிக்கு மேலதான் வர முடியும், அதுவும் சரி. அப்புறம் கடைசியா ஒண்ணு கேட்டீங்க பாருங்க, சம்பளம் எவ்வளவுன்னு. அதச் சொல்றேன். சொல்லாம உங்களத் தாட்டி விட மாட்டேன். ஆனா சித்த நேரம் ஆவும். நேரா நம்பரச் சொல்றதுக்கு எனக்கு இன்னும் வாய் பழகலீங்க. கொஞ்சம் சுத்திட்டு வந்தாத்தான் வரும்.

நானுங்க இருவது வருசமா இந்தத் திருப்பூர்ல பாட்டுச் சொல்லிக் குடுக்கறேன். குழந்தைவேலுன்னா யாருக்கும் தெரியாது, பாட்டு சார்னா இந்த வீதி நாய்க்குக் கூடத் தெரியும். இத்தன வருசத்துல ஒருத்தர்கிட்டயாவது வாயத் தொறந்து இவ்வளவு குடுங்கன்னு கேட்டதில்ல. "எவ்வளவுங்க சார்?"ன்னு கேப்பாங்க. "உங்க இஷ்டமுங்க"ன்னு சொல்லுவேன். சொல்லும்போது ஒரு சிரிப்பு வேற. கோயமுத்தூர்ல எனக்குச் சொல்லிக் குடுத்தவரு அப்படித்தான் சிரிப்பாரு. அவருகிட்ட இருந்து பாட்டு முழுசா வரலீன்னாலும் அந்தச் சிரிப்பு முழுசா வந்துருச்சு. அவருக்குப் பொள்ளாச்சிப் பக்கம் பெரிய தென்னந்தோப்பு இருந்துச்சு. அத நான் கணக்குல எடுத்துக்கலீங்க.

உங்க இஷ்டம்னு சொன்னா ஜனங்க என்ன பண்ணுவாங்க? அவங்க இஷ்டத்துக்குத்தான் பண்ணுவாங்க. ஒருத்தர் மாசம் முந்நூறு குடுப்பாரு. இன்னொருத்தர் ஆயுதபூசைக்கு ஆயிரத்தியொண்ணத் தட்டுல வெச்சு, புள்ளையக் கால்ல விழ வெச்சு, வருசம் பூரா அதோட முடிச்சுக்குவாரு. ஒரம்பரைக்கு, அதான் சொந்தக்காரங்க ஊட்டுக்கு, கொண்டாற மாதிரி தேங்காயும் பழமும் கொண்டாந்தவங்க உண்டு. பனியன் கொண்டாந்தவங்கதான் எச்சு. இந்த ஊர்ல பனியனுக்குப் பஞ்சமா? கப்பல் ஏற வேண்டியது, எங்கியோ நூல் பிரிஞ்சுதுன்னு நின்னு போனது, அத்தனையும் எங்க ஊட்டு பீரோவுல. நான் இப்பப் போட்டிருக்கற பனியன்ல என்ன எழுதியிருக்குதுன்னு எனக்குத் தெரியாது. நீங்க படிச்சுட்டீங்கன்னா சொல்லாதீங்க.

சாந்தாமணி, என்ற ஊட்டுக்காரி, பனியன் கம்பெனியில ஓவர்லாக் டைலருங்க. துணி ஓரம் பிரியாம அடிக்கற மிசின். அவளுக்குப் பீஸ் ரேட்டு. ஒரு பனியனுக்கு இத்தனன்னு பேச்சு. எத்தன தைக்கறாளோ அத்தனைக்குக் காசு, சனிக்கிழமை சாயங்காலம் கையில. அதுலதான் ஊடு ஓடுச்சு. என்ற பாட்டுக் காசுல கேஸ் சிலிண்டர் வரும், சில மாசம் அதத் தூக்கிட்டு வர்ற ஆளுக்குக் குடுக்கறதுக்கு இருக்காது. "அரிசிக் கடைக்காரன் நம்மகிட்ட உங்க இஷ்டமுங்கன்னு என்னிக்காவது சொல்லியிருக்கறானா?"ன்னு கேப்பா. "சங்கீதத்துக்கு வெல வெக்கப்படாது சாந்தாமணி"ம்பேன். "ஆமா, வெச்சா வித்துப் போயிரும்"பா.

போன ஆவணியில மயில்சாமின்னு ஒருத்தர் வந்தாருங்க. ரெண்டு வீதி தள்ளி யூனிட் வெச்சிருக்காரு. பெரிய கம்பெனிக்காரங்க துணிய வெட்டிக் குடுத்தா இவரு தச்சுக் குடுக்கறது. கூட அவரு மக தன்யஸ்ரீ, அஞ்சாவது படிக்குது. ஏதாச்சும் பாடு கண்ணுன்னேன். பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்த பாட்டு ஒண்ணப் பாடுச்சு.

அம்மிணி, நான் எச்சாப் பேசலீங்க. அப்படி ஒரு தொண்டை என்ற ஊட்டுக்குள்ள வந்ததே இல்ல. ஃபேன் சத்தமே எனக்குக் கேக்கல. இந்தப் புள்ளைய மட்டும் ஒழுங்கா ஆளாக்கிட்டா, நான் இத்தன வருசம் கத்துனதுக்கு ஒரு அர்த்தம் கெடைச்சிரும்னு நெஞ்சுக்குள்ள ஓடுச்சு. வெளிய காட்டிக்கல. "பரவால்ல, வரும்"னேன். வாத்தியார்னா அப்படித்தான் சொல்லோணும்.

"எவ்வளவுங்க சார்?"ன்னாரு மயில்சாமி.

சிரிச்சேன். "உங்க இஷ்டமுங்க."

மனுசன் எந்திரிச்சுட்டாரு. "ரேட்டுப் பேசாத எடத்துல நான் வேலை குடுக்கறதில்லீங்க சார். பின்னால பேச்சு வந்துரும். சொல்லுங்க, எவ்வளவு?"

வாயில வரலீங்க. ரெண்டாயிரம்னு சொல்லலாமான்னு நெனச்சேன், பொண்ணக் கூட்டிட்டுப் போயிட்டாருன்னா? ஐந்நூறுன்னா, இவன் அவ்வளவுதான் போலன்னு நெனைப்பாரு. நான் முழிக்கறதப் பாத்து அவரே வழி சொன்னாரு.

"மாசச் சம்பளம்னா யாரா இருந்தாலும் கொஞ்சம் அசந்துதான் வேலை செய்வாங்க. தப்பா எடுத்துக்காதீங்க சார், நான் தொழில்ல பாத்தது. பீஸ் ரேட்டுன்னா ரெண்டு பேருக்கும் நல்லது. ஒரு பாட்டுக்கு ஐந்நூறு. பொண்ணு முழுசாப் பாடிக் காட்டுனா காசு. சனிக்கிழமை சனிக்கிழமை தீத்துக்கலாம்."

உள்ள இருந்து சாந்தாமணி எட்டிப் பாத்தா. அவ மூஞ்சியில அப்படி ஒரு சந்தோசத்தக் கல்யாணத்தன்னிக்குக் கூட நான் பாத்ததில்லீங்க.

"மொதல்ல சரளி வரிசைன்னு ஒண்ணு இருக்குதுங்க"ன்னேன். "ச ரி க ம-வுல ஏறி எறங்கறது. அது ஒரு ஆறு மாசம் ஆவும்."

"அது பாட்டுங்களா?"

"பாட்டு இல்லீங்க. தொண்டை பழகறதுக்கு."

"அப்ப அது சாம்பிள்"னாரு. "ஆர்டர் புடிக்கறதுக்கு முன்னாடி நாங்க ஒண்ணு தச்சுக் காட்டறமுங்களே, அதுக்கு எங்களுக்கு யாரு காசு குடுக்கறா? சாம்பிளுக்குக் காசில்லீங்க சார்."

ஞாயமாத்தான் பட்டுச்சு. அந்த மனுசன் எதப் பேசுனாலும் ஞாயமாத்தான் படும், அதுதான் அவருகிட்டச் சிக்கல். சரின்னு தலையாட்டிட்டேன்.

நீங்களே ரோசனை பண்ணிப் பாருங்க, காசில்லாத சாம்பிள ஆறு மாசம் எவன் தைப்பான்? சரளி வரிசைய ரெண்டு வாரத்துல முடிச்சேன். முடிச்சேன்னு நானே சொல்லிக்கறதுதான். இந்தப் பொண்ணுக்குத்தான் சாமி குடுத்த தொண்டை இருக்குதே, அதுக்கு எதுக்குப் பயிற்சின்னு மனசத் தேத்திக்கிட்டேன். நேராப் பாட்டு.

மொத சனிக்கிழமை காசு வாங்கும்போது கூச்சமா இருந்துச்சு. ரெண்டாவது சனிக்கிழமை கூச்சம் கொறஞ்சுது. அதுக்கடுத்த சனிக்கிழமை மயில்சாமி கொஞ்சம் லேட்டா வந்தாரு, நான் வாசல்ல நின்னு வீதி மொனைய எட்டிப் பாத்துட்டு இருந்தேன்.

மத்த பெத்தவங்களுக்கும் விசயம் போயிருச்சு. பாதிப் பேரு பனியன் தொழில்காரங்க, ஒடனே புரிஞ்சுக்கிட்டாங்க. "இத்தன நாளா எவ்வளவு குடுக்கறதுன்னு தெரியாம நாங்களும் சங்கடப்பட்டமுங்க சார்"ன்னு ஒரு அம்மா சொன்னாங்க. பாருங்க, நான் பெருந்தன்மைன்னு நெனச்சது அவங்களுக்குச் சங்கடமாம். அப்பவாவது எனக்கு ஒறைச்சிருக்கோணும். ஒறைக்கல. நான் பாட்டு எண்ணிட்டு இருந்தேன்.

பாட்டுலயும் எனக்குப் புதுசாக் கண்ணு தொறந்துச்சுங்க. முன்னெல்லாம் ஒரு பாட்டு கையில கெடைச்சா ராகம் என்ன, அர்த்தம் என்னன்னு பாப்பேன். இப்ப மொதல்ல நீளத்தப் பாத்தேன். மூணு சரணம் இருந்தா நமக்கு ஆவாது. நாலு வரியில முடியற அம்மன் பாட்டு, புள்ளையார் துதி, அதெல்லாம்தான் நல்ல பாட்டு. பெரிய பெரிய ஆளுங்க செஞ்சு வெச்ச கீர்த்தனையப் பாத்து, எதுக்கு இத்தன இழுத்து வெச்சிருக்காங்கன்னு எனக்குக் கோவமே வந்துச்சு. சாந்தாமணியும் தொழில் ரகசியம் சொல்லிக் குடுத்தா. "ஒரே சுதியில இருக்கற பாட்டா எடுத்துக்குங்க, பொட்டியத் திருப்பற நேரம் மிச்சம்"னா. ஒரே கலர் நூலுல ஓட்டற மாதிரியாம். அதையும் செஞ்சேன்.

ஒருக்கா இன்னும் கொஞ்சம் புத்திசாலித்தனம் பண்ணுனேன். ஒரு பெரிய பாட்டுல பல்லவிய ஒரு பாட்டாவும் சரணத்த ஒரு பாட்டாவும் கணக்குச் சொன்னேன். "சார், கை தனி, காலர் தனின்னு பில்லுப் போட்டா நான் யாருகிட்டப் போயி அழுவறது?"ன்னாரு மயில்சாமி. கோவமாக் கூடச் சொல்லல. ஒரு தொழில்காரர் இன்னொரு தொழில்காரர்கிட்டப் பேசற மாதிரி சொன்னாரு. எனக்கு அதுல ஒரு பெருமை வேற.

அப்புறம் செக்கிங். தச்சது செக்கிங் ஆவாமக் காசு வருமா? சனிக்கிழமை வந்ததும் மயில்சாமி செல்போன எடுத்து வெச்சுக்குவாரு. அதே பாட்ட யாரோ ஒரு அம்மா பாடுனது அதுல ஓடும். அந்தம்மா ஒரு வரி, பொண்ணு ஒரு வரி. "இங்க அந்தம்மா மூச்சு விடல, இவ விட்டுட்டா. ஆல்டர்"ன்னுருவாரு. ஆல்டர்னா தச்சதப் பிரிச்சு மறுபடி தைக்கறது. அதுக்குக் காசு கெடையாது. சங்கீதம் தெரியாத மனுசன் என்ற பாட்டுல குத்தம் கண்டுபுடிக்கறாருன்னு ஊட்டுல பொலம்புவேன். ஆனா அவரு சொன்ன எடமெல்லாம் மூச்சு விட்ட எடந்தான். மூச்சப் பழக்கற வேலை சரளி வரிசையில இருக்குது. அதத்தான் நான் சாம்பிள்னு தள்ளிப்போட்டு வந்துட்டனே.

பாத்தீங்களா, இத்தன நேரம் ரேட்டப் பத்தியே பேசிட்டு இருக்கேன், தன்யஸ்ரீய விட்டுட்டேன். அப்பவும் அப்படித்தான் ஆச்சுங்க.

ஐப்பசியில முருகனத் தூங்க வெக்கற மாதிரி ஒரு தாலாட்டுச் சொல்லிக் குடுத்தேன். அதுல ஒரு எடத்துல "வா"ன்னு கூப்புடற வார்த்தை வரும். அத அந்தப் பொண்ணு நான் சொல்லிக் குடுத்த மாதிரிப் பாடல. கொஞ்சம் நிறுத்தி, கீழ எறங்கி, அப்புறம் மெதுவா மேல வந்து, பக்கத்து ரூம்ல இருக்கற கொழந்தையக் கூப்புடற மாதிரிப் பாடுச்சு. யாரும் சொல்லிக் குடுக்காம. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. ஆனா போன்ல இருக்கற அம்மா அப்படிப் பாடல பாருங்க. செக்கிங்ல நின்னு போயிரும். அதனால அந்தம்மா மாதிரியே மாத்திப் பாடச் சொன்னேன். மாத்திப் பாடுச்சு. காசு வந்துச்சு.

அடுத்த வாரம் வந்து உக்காந்ததும், "சார், அந்தப் பாட்டையே இன்னிக்கும் பாடலாமா?"ன்னு கேட்டுச்சு.

நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? "அது டெலிவரி ஆயிருச்சு கண்ணு, அடுத்ததப் பாப்பம்"னேன்.

சிரிச்சுட்டுத்தான் சொன்னேன். அதுவும் சிரிச்சுது. அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு எதையும் கேக்கல. சொன்னதப் பாடும், முடிஞ்சா நோட்ட மூடி வெச்சிரும், அடுத்ததுக்குத் தயாரா என்ற மூஞ்சியப் பாக்கும். எத்தன அடக்கம், எத்தன வெசையா முன்னேறுதுன்னு மயில்சாமிகிட்டப் பெருமையாச் சொன்னேன்.

மார்கழியில எங்க வீதிப் புள்ளையார் கோயில்ல காலையில பொங்கல் குடுக்கறதுக்கு முன்னாடி புள்ளைங்க பாடும். மயில்சாமி ஒரம்பரை எல்லாத்தையும் கூட்டிட்டு வந்து முன்வரிசையில உக்கார வெச்சிருந்தாரு. அதுக்குள்ள தன்யஸ்ரீக்கு முப்பது பாட்டுக்கு மேல தெரியும். அஞ்சு பாட்டுப் போதும்னு சொல்லி வெச்சிருந்தேன்.

பொண்ணு மைக்கு முன்னால உக்காந்துச்சு. மொதப் பாட்ட நல்லாத்தான் எடுத்துச்சு. முடிஞ்ச ஒடனே மூச்சு வாங்காம ரெண்டாவது. மூணாவது பாதியிலயே நாலாவதுக்குள்ள போயிருச்சு. நான் தொடையில தட்டித் தட்டித் தாளம் காட்டறேன், பாக்கவே இல்ல. கண்ண மூடிட்டு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிட்டே போவுது. அம்மன் பாட்டுக்குள்ள புள்ளையாரு வந்துட்டாரு, புள்ளையார் பாட்டுல மயில் பறக்குது. எல்லாம் ஒரே சுதி பாருங்க, எங்க ஒட்டுது எங்க பிரியுதுன்னே தெரியல. கடைசியில நிறுத்தி, என்னத் திரும்பிப் பாத்து, மைக்குலயே கேட்டுச்சு. "போதுங்களா சார்? எத்தன ஆச்சு?"

கோயிலே சிரிச்சுது. பூசாரி சிரிச்சாரு. நானும் சிரிச்சேனுங்க, வேற என்ன பண்றதுன்னு தெரியல. மயில்சாமி சிரிக்கல. அந்தப் பொண்ணும் சிரிக்கல. அது வெளையாட்டுக்குக் கேக்கலீங்க, தெரிஞ்சுக்கத்தான் கேட்டுச்சு.

அடுத்த நாள்ல இருந்து பொண்ணு வரல. சனிக்கிழமை வந்துச்சு, மயில்சாமியும் வரல. காசு நெனப்பு வரலீன்னு சொன்னா பொய்யி, வந்துச்சு. ஆனா அதுக்கு முன்னால அந்த "வா" நெனப்பு வந்துச்சு. மத்த புள்ளைங்களக் கொஞ்சம் காது குடுத்துக் கேட்டுப் பாத்தேன். எல்லாருக்கும் அதே அவசரம். மொத வரி பாடும்போதே கண்ணு நோட்டுல கடைசி வரியில நிக்குது. அத்தனையும் நான் தச்சதுங்க. எவன் மேலயும் பழி போட முடியல. மயில்சாமி மேல போட்டுப் பாத்தேன், நிக்கல.

"பீஸ் ரேட்ட நிறுத்தப் போறேன்"னு சாந்தாமணிகிட்டச் சொன்னேன். "அப்ப மறுக்காவும் உங்க இஷ்டமுங்களா?"ன்னா. அவ சிலிண்டர ஆட்டிப் பாத்துட்டு உள்ள போயிட்டா.

பொங்கலுக்கு முந்தின வாரம் மயில்சாமி யூனிட்டுக்கே போனேன். மிசின் சத்தத்துல நாம பேசறது நமக்கே கேக்காது. தன்யஸ்ரீ ஒரு மூட்டை மேல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிட்டு இருந்துச்சு. என்னப் பாத்ததும் எந்திரிச்சு நின்னுச்சு.

மயில்சாமி என்ற காதுக்கிட்ட வந்து சொன்னாரு. "இவ பாட மாட்டேங்கறா சார். முன்னெல்லாம் குளிக்கப் போனாப் பாட்டு, சோறு திங்கும்போது பாட்டு. அவங்கம்மா அதட்டுவா. இப்ப வாயே தொறக்கறதில்ல. முப்பது பாட்டுக்குக் காசு குடுத்தேன், ஊட்டுல இருந்த பாட்டும் போயிருச்சுங்க." கணக்குச் சொல்ற மாதிரிதான் ஆரம்பிச்சாரு. முடிக்கும்போது பொண்ணு பக்கம் திரும்பிக்கிட்டாரு.

எனக்கு அழுவை வந்துருச்சு. "காசே வேண்டாமுங்க. சும்மா அனுப்புங்க, நான் சொல்லித் தர்றேன்"னேன்.

"சும்மா எதுக்குங்க? சும்மா செய்யற ஆளு என்னிக்கு வேணாலும் விட்டுட்டுப் போயிருவாங்க. நான் என்னத்தச் சொல்லிக் கேக்கறது?"

பொண்ணுகிட்டக் கேட்டேன். "கண்ணு, அந்தத் தாலாட்டு இருக்குதுல்ல, அதப் பாடலாம், வர்றியா?"

"அது டெலிவரி ஆயிருச்சுங்களே சார்"ன்னுச்சு.

குத்திக் காட்டலீங்க. நெசமாவே அப்படி நம்பிட்டு இருந்துச்சு. ஒருக்கா முடிச்சுக் குடுத்துட்டா அது வேற யாருதோன்னு. பத்து வயசுப் புள்ளைய அப்படி நம்ப வெச்சிருக்கேன் நான்.

"இல்ல கண்ணு. அது உன்னுது. எத்தன நாள் வேணும்னாலும் பாடலாம்."

"எத்தன நாள்னா, நாளுக்கு எவ்வளவுங்க?"ன்னாரு மயில்சாமி.

அப்ப வந்துச்சு பாருங்க எனக்குக் கோவம். யாரு மேலன்னு கேக்காதீங்க. "மாசம் ரெண்டாயிரமுங்க. பாட்டு முடிஞ்சாலும் ரெண்டாயிரம், முடியாட்டியும் ரெண்டாயிரம். ஒரே பாட்ட வருசம் பூராப் பாடுனாலும் ரெண்டாயிரம். சரளி வரிசையில இருந்து மறுக்கா ஆரம்பிக்கறேன். சனிக்கிழமை செக்கிங்குக்கு நீங்க வரப்படாது." மிசினுக்கு மேல கத்தோணும்னு கத்துனேன். நடுவுல டீ டைம்னு மிசினெல்லாம் நின்னு போனத நான் கவனிக்கல. யூனிட்டே திரும்பி என்னப் பாக்குது.

மயில்சாமி என்ற பக்கத்துல வந்தாரு. அப்புறம் சொன்னாரு. "இதத்தானுங்க சார் நான் ஆவணியில கேட்டேன். அன்னிக்கே சொல்லியிருந்தா அன்னிக்கே குடுத்திருப்பேன்."

அப்பத்தானுங்க எனக்கு ஒறைச்சுது. பெருந்தன்மை பெருந்தன்மைன்னு நான் சிரிச்சுட்டு இருந்ததெல்லாம் வெறும் பயம். நம்ம வேலை இவ்வளவு பெறும்னு சொல்லி, எதிர்ல இருக்கறவங்க இல்லீன்னுட்டா என்ன பண்றதுங்கற பயம். அந்தப் பயத்துக்கு ஒரு புள்ளையோட பாட்டு போகப் பாத்துச்சு.

இப்ப பொண்ணு வருதுங்க. வர்றப்பெல்லாம் சரளி வரிசை, அப்புறம் அந்தத் தாலாட்டு. அந்த "வா" இன்னும் பழையபடி வரல. பக்கத்துல வருது, நின்னுருது. நான் ஒண்ணும் சொல்றதில்ல. ஊட்டுல குளிக்கும்போது முணுமுணுக்குதுன்னு மயில்சாமி போன் பண்ணிச் சொன்னாரு. அதக் கேட்டு நான் அழுததச் சாந்தாமணிகிட்டச் சொல்லாதீங்க.

மத்தவங்களுக்கும் அதே ரேட்டுன்னு சொன்னேன். சில பேரு புள்ளைங்கள அனுப்பறத நிறுத்திட்டாங்க. நிறுத்துனவங்க பூரா எனக்குப் பனியன் குடுத்தவங்க.

சரிங்க அம்மிணி, உங்க கேள்விக்கு வந்துட்டேன். மாசம் ரெண்டாயிரமுங்க. வாரத்துக்கு ரெண்டு நாளு. பேங்க்ல இருக்கறீங்கன்னு எச்சா ஒண்ணும் சொல்லல, எல்லாருக்கும் இதேதான். சொல்லிட்டேன்.

என்னங்க, ஒண்ணும் பேசாமக் கைப்பையப் பாத்துட்டு இருக்கறீங்க. இந்த எடந்தான் எனக்கு ஆவறதில்ல. சரின்னோ வேண்டாம்னோ சட்டுன்னு ஏதாச்சும் சொல்லீருங்க. இன்னும் சித்த நேரம் இப்படியே இருந்தீங்கன்னா நானே கொறச்சிருவேன்.